விழாத சுவர்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். என்னிடம் கேட்டது உங்கள் கெட்ட நேரம். கட்டட ஆய்வாளர் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் நான் செய்த முதல் காரியம், எங்கள் வீட்டு ஜன்னலுக்குத் திரை போட்டதுதான். எதிர் மனையில் யாரோ மாடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் கண் தானாகப் போய்த் தூணின் தடிமனை அளக்கும். அப்புறம் அன்றைக்குச் சோறு இறங்காது.

எவ்வளவு இடம் விட வேண்டும், வரைபடத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். நான் அதைத் தொடப் போவதில்லை. எனக்கே பாதி மறந்துவிட்டது. மறக்காத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சுவரைப் பற்றியது. அந்தச் சுவர் விழவில்லை. அது விழாததால் நான் பட்ட பாடு, விழுந்த சுவர்களால்கூடப் பட்டதில்லை.

எண்பதுகளின் கடைசியில் விருத்தாசலத்துக்கு மாற்றலாகி வந்தேன். பெண் ஒருத்தி கட்டட ஆய்வாளராக வந்திருக்கிறாள் என்பதை நம்பவே ஊருக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறினால், கீழே நாலு பேர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நான் எப்போது விழுவேன் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும் விழவில்லை. அதில் அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

எங்கள் பிரிவுக்கு இரண்டு வேலை. சின்னக் கட்டடங்களுக்கு அனுமதி கொடுத்து, கட்டும்போது போய்ப் பார்ப்பது ஒன்று. அவற்றைக் கட்டும் ஒப்பந்தக்காரர்களைப் பதிவு செய்து வருடா வருடம் புதுப்பிப்பது இன்னொன்று. இரண்டாவது வேலை சுலபம் என்று எல்லோரும் நினைப்பார்கள், நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம் என்பதால். வேப்பூர் பக்கத்திலிருந்து லாரிக்காரர் ஒருவர் பதிவுக்கு வந்தார். கட்டட அனுபவம் உண்டா என்று கேட்டால், "செங்கல்லு ஏத்தி ஏத்தி கை காச்சுப் போயி கெடக்குதுங்க மேடம், இதுக்கு மேல என்னா அனுபவம் வேணும்?" என்றார். நல்லூரிலிருந்து வந்த இன்னொருவரிடம் அனுபவச் சான்று இருந்தது. கொடுத்தவர் அவருடைய மாமனார். கட்டியதும் மாமனார் வீடுதான். பெண்ணைக் கொடுத்தவர் வேறு எப்படி எழுதிக் கொடுப்பார்?

இவர்களையெல்லாம் நினைத்து நான் ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. சிமெண்டைக் குறைக்கிறவன் நம் தலையைக் கண்டவுடனே இளநீர் வெட்டச் சொல்லி ஆளை அனுப்புவான். அந்த இளநீரே காட்டிக் கொடுத்துவிடும். எனக்குப் பயம் நல்ல வேலைக்காரர்கள் மேல்தான். அவர்கள் கட்டிய சுவரை யாரும் தட்டிப் பார்க்க மாட்டார்கள்.

அய்யாக்கண்ணு மேஸ்திரி அப்படிப்பட்டவர். பீங்கான் சூளை கட்டுவதில் அவருக்கு ஊரில் நல்ல பெயர். அவர் கட்டிய சூளையில் வெடிப்பு விழுந்தது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இளநீர் வாங்கித் தருகிற பழக்கமும் கிடையாது. நாம் போய் நின்றால் ஒரு தடவை தலையை ஆட்டுவார், அப்புறம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். சூளையோடு வீடும் கட்டலாம் என்று ஆசைப்பட்டு, நான் அந்த ஊருக்கு வருவதற்கு முன்பே ஒப்பந்தக்காரராகப் பதிவு செய்திருந்தார். அனுபவம் என்ற இடத்தில் வரிசையாகச் சூளைகள். சூளையும் செங்கல்தானே, அதுவும் சுவர்தானே என்று பதிவு கொடுத்திருந்தார்கள். யாராக இருந்தாலும் கொடுத்திருப்பார்கள்.

இனி பூங்காவனம் அம்மாவைச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பின்னால் சின்னதாகப் பீங்கான் பட்டறை வைத்திருந்தவர். கணவர் சேத்தியாத்தோப்பு பக்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு எப்போதாவது வந்து போவார். பட்டறை முழுக்க இந்த அம்மாவின் பொறுப்பு. பொம்மை, ஊறுகாய் ஜாடி, கார்த்திகை வந்தால் பளபளவென்று மெருகு போட்ட அகல் விளக்கு. அந்த வருடம் புதுச்சேரியிலிருந்து ஒரு பெரிய வியாபாரி முதல் முறையாக இவரிடம் விளக்குக் கேட்டிருந்தார். சரக்கு சரியாக வந்தால் வருடா வருடம் உங்களிடம்தான் என்று சொல்லியிருந்தார். அந்த அம்மா அந்த ஒரு பேச்சை நம்பி, வந்த மற்ற வேலையையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, பட்டறை முழுக்க விளக்காகவே செய்துகொண்டிருந்தார்.

கார்த்திகை விளக்கில் ஒரு சங்கடம் உண்டு. அதைச் செய்ய வேண்டிய காலம் ஐப்பசி. ஐப்பசியில் எங்கள் பக்கம் அடைமழை. மணிமுத்தாற்றில் தண்ணீர் வந்ததா என்று ஊரே சந்தோஷமாக விசாரித்துக்கொண்டிருக்கும்போது, பட்டறைக்காரர்கள் மட்டும் வானத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். பச்சை மண் காயாது. காயாததைச் சூளையில் வைத்தால் வெடிக்கும். அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மற்ற ஊர்களில் காற்றுக்காக மாடி எடுப்பார்கள், இங்கே சூட்டுக்காக எடுப்பார்கள். சூளைக்கு ஒட்டினாற்போல் ஒரு சுவர், அதன் மேல் தளம் போட்டு ஓர் அறை. சூளையின் வெக்கை சுவர் வழியாக ஏறி, மேலே பலகைகளில் அடுக்கிய பச்சைச் சரக்கைக் காய வைத்துவிடும். பூங்காவனம் அம்மாவுக்கு அந்தச் சுவரையும் மாடி அறையையும் கட்டியவர் அய்யாக்கண்ணு.

சாக்கடையால்தான் எனக்கு அந்த வீட்டுக்குப் போக நேர்ந்தது. பட்டறையிலிருந்து வெள்ளைத் தண்ணீர் வந்து எங்கள் வாசலில் தேங்குகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் மனு எழுதிப் போட்டிருந்தார். கொட்டும் மழையில் ஒரு சாக்கடைக்காக என்னை அலைய வைக்கிறாரே என்று அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே குடையோடு போனேன். அந்தத் தெருவில் சாக்கடை எப்போதுமே வெள்ளையாகத்தான் ஓடும். பட்டறைகளில் மண் கரைத்த தண்ணீர். குழந்தைகள்கூட அதைப் பார்த்து வளர்ந்ததால் எல்லா ஊரிலும் சாக்கடை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

"ஏம்மா, மழையிலயாவது மண்ணக் கரைக்கறத கொஞ்சம் நிறுத்தி வைக்கக் கூடாதா?" என்றேன் பூங்காவனம் அம்மாவிடம்.

"யாருங்க மேடம் கரைக்கறாங்க? போன வாரமே மண்ணு வேலய நிறுத்தியாச்சுங்க. இப்ப சூளை எரியுது. எல்லாம் கீழ ஒக்காந்து வெளக்க பொறுக்கிக்கிட்டு இருக்காங்க, வந்து பாருங்க" என்றார் அவர்.

அவர் சொன்னது உண்மை. தொட்டிகள் காய்ந்து கிடந்தன. பெண்கள் மாடி அறைக்குக் கீழே சுவர் ஓரமாக உட்கார்ந்து, முன்பே வெந்து வந்த கொஞ்ச விளக்குகளைத் தட்டிப் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சூளையில் எண்ணெய் நெருப்பு உறுமிக்கொண்டிருந்தது. அப்படியானால் இந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது?

சாக்கடையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனேன். மாடியைத் தாங்கும் அந்தச் சுவரின் அடியிலிருந்து வந்தது. பூச்சின் வெடிப்புகளில் பால் கசிவது மாதிரி கசிந்து, கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். விளக்குச் செய்கிற மண் வெண்ணெய் போல வழுக்கும். இது நறநறவென்று இருந்தது. குடையை மடக்கி அதன் முனையால் வெடிப்பில் குத்தினேன். பூச்சு ஒரு தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. இரண்டு செங்கல்லுக்கு நடுவில் குடை முனையை வைத்து அழுத்தினேன். தயிரில் கரண்டி போவது மாதிரி உள்ளே போனது.

அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. சூளைக்குள் செங்கல்லை ஒட்டச் சிமெண்ட் ஆகாது, சூட்டில் பொரிந்துவிடும். அதற்கென்றே ஒரு சூளை மண் உண்டு. அதைக் குழைத்து வைத்துக் கட்டி, நெருப்பு மூட்டினால் வெந்து கல்லாக இறுகிவிடும். வேகாத வரைக்கும் அது வெறும் மண்தான். ஆயுசு முழுக்கச் சூளை கட்டிய அய்யாக்கண்ணு, சூளைக்கு ஒட்டிய சுவர் என்பதால் இதையும் சூளை மண்ணிலேயே கட்டியிருந்தார். சூளையைப் பார்த்த பக்கம் வெந்திருக்கும். வெளிப்பக்கம் வேகவே இல்லை. மேலே சிமெண்ட் பூச்சு இருந்ததால் இத்தனை நாள் தெரியவில்லை. பூச்சு வெடித்து, மழை உள்ளே போய், மண் கரைந்து தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. தெரு முழுக்க அதே வெள்ளையில் ஓடியதால் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

அந்தச் சுவருக்கு மேலே தளம். தளத்துக்கு மேலே அறை நிறையப் பச்சை விளக்கும் அச்சுகளும். கீழே பெண்கள்.

எல்லோரையும் வெளியே வரச் சொன்னேன். நம் குரல் ஏறினால்தான் ஜனங்களுக்குக் கேட்கும் என்று நினைக்காதீர்கள். நான் மெதுவாகத்தான் சொன்னேன். அதுதான் அவர்களைப் பயமுறுத்தியது என்று பிறகு ஒரு பெண் சொன்னாள். மடியில் இருந்த விளக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டார்கள். பூங்காவனம் அம்மா மட்டும் நகரவில்லை. அவருடைய தம்பிதான் சூளையைப் பார்த்துக்கொள்பவர். அவரும் நகரவில்லை.

"எண்ணெய நிறுத்திட்டு வெளிய வாங்க" என்றேன் தம்பியிடம்.

"நிறுத்தறேங்க. ஆனா சூளை வாய அடைக்கணும். அப்படியே வுட்டுட்டா குளுந்த காத்து உள்ள பூந்து அத்தினி வெளக்கும் வெடிச்சிரும். செங்கல்ல வச்சி மண்ணப் பூசிட்டா போதும், அது பாட்டுக்கு மெதுவா ஆறிக்கும். கொஞ்ச நேரம் வுடுங்க மேடம்."

"வேண்டாம்."

பூங்காவனம் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏங்க, சூளையில வச்சிருக்கற இந்த ஈடு பூராவும் பாண்டிச்சேரிக்குப் போவ வேண்டியதுங்க. ஒரு வருஷமா இதுக்குத்தான் ஒழச்சி கெடக்கறோம். நாங்க என்னா மாடிக்கா போறோம்னு சொல்றோம்? வாய மட்டும் அடச்சிட்டு வந்துர்றோம்."

"அந்த வாய் எங்கம்மா இருக்குது? சுவர் அடியிலதான இருக்குது?"

"சரிங்க, சொவுரு எப்ப வுழும்? அதச் சொல்லுங்க."

"தெரியாது."

"எப்ப வுழும்னே தெரியாம எப்படிங்க வெளிய போவச் சொல்றீங்க?"

"தெரியாததாலதான்மா போவச் சொல்றேன்."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இதற்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன். எனக்கு நிஜமாகவே தெரியாது. அந்தச் சுவர் அடுத்த நிமிடம் விழலாம், அடுத்த வருடமும் விழாமல் இருக்கலாம். எந்தப் புத்தகத்திலும் இதற்குக் கணக்கு இல்லை. அவர்கள் கேட்ட நேரமோ ரொம்பக் கொஞ்சம். கொடுத்தால் ஒரு குடும்பத்தின் வருடம் பிழைக்கும். கொடுத்து, அந்தக் கொஞ்ச நேரத்தில் சுவர் சரிந்தால், அந்தத் தம்பி மண் பூசிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் சரியும். இரண்டையும் நிறுத்துப் பார்க்க என்னிடம் தராசு இல்லை. மழை வேறு காதுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தம்பி எண்ணெயை நிறுத்திவிட்டுப் பின்னால் வந்தார். வரும்போது என்னைப் பார்க்கவே இல்லை.

எல்லோரும் எதிர்ச் சாரியில் ஒரு கூரைக்கடியில் ஒதுங்கி நின்றோம். ஆள் போகாமல் இருக்கத் தெருவின் இரண்டு பக்கமும் கயிறு கட்டச் சொன்னேன். சாக்கடைக்கு மனு போட்ட பக்கத்து வீட்டுக்காரரும் குடும்பத்தோடு வந்து நிற்க வேண்டியதாயிற்று. சாக்கடையைத்தானே சரி செய்யச் சொன்னேன், வீட்டை விட்டே விரட்டுகிறீர்களே என்று அவர் ஒரு பக்கம் புலம்பினார். அத்தனை பேரும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பெரிய பாவம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன் என்று நினைக்காதீர்கள், இது எல்லோருக்கும் வரக்கூடிய நினைப்புதான்: நேரம் போகப் போக, விழுந்து தொலையேன் என்று எனக்குத் தோன்றியது.

அது விழவில்லை. சாயந்திரம் மழை விட்டது. தெரு அமைதியானதும் சூளைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. டிங், டிங் என்று, யாரோ நகத்தால் சுண்டுவது மாதிரி. முதலில் எனக்கு என்னவென்று தெரியவில்லை. அங்கே நின்ற பெண்களுக்குத் தெரிந்தது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். விளக்குகள் ஒவ்வொன்றாக வெடித்துக்கொண்டிருந்தன. பூங்காவனம் அம்மா கடைசி வரைக்கும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மழை நின்ற பிறகு சவுக்குக் கட்டைகள் கொடுத்துத் தளத்தைத் தாங்கி நிறுத்தினோம். மேலே இருந்த பச்சை விளக்குகளை இறக்க அனுமதித்தேன். அவற்றை வேறு சூளைக்குக் கொண்டுபோய்ச் சுட்டெடுப்பதற்குள் கார்த்திகை போய்விட்டது. புதுச்சேரி வியாபாரியும் போய்விட்டார்.

ஒரு நாள் அலுவலகத்தில் மனுக்காரர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருந்த நேரத்தில் பூங்காவனம் அம்மா வந்தார். முந்தானையிலிருந்து ஓர் அகல் விளக்கை எடுத்து என் மேசையில் வைத்தார். மெருகு அழகாகத்தான் இருந்தது. நடுவில் தலைமுடி மாதிரி ஒரு கீறல், விளிம்பிலிருந்து விளிம்பு வரை.

"எண்ணெ ஊத்துனா நிக்காது. நீங்களே வச்சிக்குங்க மேடம். உங்க வூட்டு வாசல்ல ஏத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம் ஊர் என்னைச் சும்மா விடுமா? சொவுரு மேடம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடிக்கப் போனால், "மேடம், எங்க கடை சொவுரு நிக்குங்களா, இல்ல நாங்க வெளிய வந்து நிக்கணுங்களா?" என்பார் கடைக்காரர். நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்வது? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அந்தச் சிரிப்பு இறங்கும்.

எங்கள் மேலதிகாரி ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார், ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தே எல்லாம் தெரிந்து வைத்திருப்பார். சுவரை இடித்துக் கட்ட வேண்டும் என்று நான் போட்ட உத்தரவை வாபஸ் வாங்கச் சொல்லி நாலு பக்கமும் நெருக்கினார்கள். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, சுவர் நிக்குதாமே?"

"நிக்குது சார்."

"அது வுழுந்தா நம்ம மேல கேஸு. வுழலன்னா நம்ம மேல பெட்டிஷன். இந்த வேலையில ரெண்டுல ஒண்ணு கட்டாயம் உண்டு. உனக்கு எது வேணும்?"

"பெட்டிஷனே இருக்கட்டும் சார்."

"அப்ப உத்தரவு இருக்கட்டும், போ" என்றார். அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான். பணிக்காலம் முழுவதற்கும் அது போதுமானதாக இருந்தது.

தை மாதம் அய்யாக்கண்ணுவின் பதிவு புதுப்பிக்க வந்தது. அவர் நேரில் வந்து என் எதிரில் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"என் கையால கட்டுன சூளை ஒண்ணு சாஞ்சதுண்டாம்மா?"

"இல்லைங்க மேஸ்திரி."

"அப்புறம் ஏம்மா என் பேர இப்படி நாறடிச்சிட்டீங்க? சொவுத்த இடிக்கணும்னு சொல்றீங்க. இடிக்க எவனும் வர மாட்டேங்கறான், நல்லா இருக்கற சொவுத்த இடிச்சா பாவம்ங்கறான். நானே இடிக்கறேன். நீங்களும் வந்து நில்லுங்க. கடப்பாரை எகிறுதா இல்லையான்னு ஊரே பாக்கட்டும்."

போய் நின்றேன். கூட்டம் கூடியிருந்தது. தளத்தை முன்பே எடுத்தாயிற்று, சுவர் மட்டும் தனியாக நின்றது. அய்யாக்கண்ணு சூளைப் பக்கமாகப் போய்க் கடப்பாரையை ஓங்கிப் போட்டார். நெருப்புப் பொறி பறந்தது. கடப்பாரை எகிறியதில் கையை உதறிக்கொண்டார். இன்னொரு போடு. ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. கூட்டம் என்னைப் பார்த்துச் சிரித்தது. அவரும் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பக்கம் வாருங்கள் என்று கையை மட்டும் காட்டினேன்.

வெளிப்பக்கம் வந்து கடப்பாரையை ஓங்கினார். பூச்சு மொத்தமாகச் சரிந்தது. அடுத்த போடு போடுவதற்குக் கையை ஓங்கியவர், அப்படியே நிறுத்திவிட்டார். கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு செங்கல்லைக் கையால் பிடித்து இழுத்தார். வந்துவிட்டது. பக்கத்தில் இருந்ததை இழுத்தார். அதுவும் வந்தது. அலமாரியிலிருந்து பாத்திரம் எடுப்பது மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே அடுக்கிக்கொண்டே போனார். அடுக்கின செங்கல்லில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் வழித்து, முகர்ந்து பார்த்தார்.

"வேகல" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "சூடு இந்தப் பக்கம் வரிக்கும் வந்துரும்னு நெனச்சேம்மா. சூளையில வந்துருமில்ல. வேகவே இல்ல" என்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. ஜெயித்த மாதிரி ஒன்றும் தோன்றவில்லை.

பூங்காவனம் அம்மா கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். எல்லோரும் கலைந்த பிறகு கிட்டே வந்தார். "அன்னிக்கே வுழுந்து தொலஞ்சிருந்தா, உங்கள நான் திட்டியிருக்கவே மாட்டேன் மேடம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ரொம்பக் களைப்பாகச் சொன்னார். நானும் அதே களைப்பில்தான் இருந்தேன்.

இப்போது நீங்கள், மேடம் சொன்னது சரியாகிவிட்டது, கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். இல்லை. சுவரில் பாதி கல்லாக இருந்ததை நானும் பார்த்தேனே. அந்தப் பாதி அன்றைக்கு முழுக்கத் தளத்தைத் தாங்கியது, தை வரைக்கும் விழாமல் நின்றது. அன்றைக்கு நான் அந்தத் தம்பியைச் சூளை வாயை அடைக்க விட்டிருந்தால், அவர் அடைத்துவிட்டு நிதானமாக வெளியே வந்திருப்பார். அத்தனை விளக்கும் பிழைத்திருக்கும். இது எனக்கு இப்போது தெரியும். அன்றைக்குத் தெரியாது. திரும்பவும் அதே மழையில், அதே குடையோடு என்னைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன செய்வேன் என்று நானே என்னைப் பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். அந்த அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வருவேன். அது வேறு மாதிரி மாறவே மாட்டேன் என்கிறது. அதற்காக அந்த டிங் டிங் சத்தமும் காதை விட்டுப் போவதில்லை.

அய்யாக்கண்ணுவின் பதிவை அடியோடு ரத்து செய்ய வேண்டும் என்று, அதுவரை அவர் பக்கம் நின்ற ஊரே இப்போது சொன்னது. ஊர் அப்படித்தான். நான் ரத்து செய்யவில்லை. சூளை வேலைக்குத் தடையில்லை, வீடு கட்ட வேண்டுமானால் முதலில் வேறு ஒப்பந்தக்காரரிடம் ஒரு வருடம் வேலை செய்துவிட்டு வர வேண்டும் என்று எழுதினேன். அந்த வயதில், தனக்குக் கீழே வேலை பார்த்தவர்களிடமே போய் நின்றார். திருடுகிறவனுக்கும் தப்புச் செய்கிறவனுக்கும் நம் படிவத்தில் ஒரே கட்டம்தான் இருக்கிறது. அதை அச்சடித்தவர்கள் சுவர் பார்த்தவர்கள் இல்லை. வித்தியாசத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும். அதோடு, ஒருவர் நன்றாகக் கட்டுவாரா என்று மட்டும் கேட்காதீர்கள். இதற்கு முன் எதைக் கட்டிப் பழகியவர் என்றும் கேளுங்கள். கை பழகியதைத்தான் கட்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் பூங்காவனம் அம்மா அலுவலகத்துக்கு வந்தார். இடையில் எங்கேயாவது பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான் எங்கள் பழக்கம். அன்றைக்கு நேராக வந்து ஒரு வரைபடத்தை மேசையில் விரித்தார். திரும்பவும் சூளைக்கு ஒட்டி மாடி அறை. மின்சாரப் பியூஸுக்குப் பீங்கான் கட்டை செய்து பட்டறையைத் தூக்கி நிறுத்தியிருந்தார். விளக்கு செய்வதில்லையாம்.

"யாரு கட்டறாங்க?" என்று கேட்டேன்.

"அய்யாக்கண்ணுதான். வேற யாரு?" என்றார், இதென்ன கேள்வி என்பது மாதிரி. "இந்த தடவ சொவுரு ரெண்டு. சூளைக்கு ஒண்ணு, மாடிக்கு ஒண்ணு, நடுவுல சந்து. அவரே சொல்லிட்டாரு."

கையெழுத்துக்காகப் பேனாவை எடுக்கக் கையை நீட்டினேன். அவர் கண் என் மேசையில் நின்றது. அந்தக் கீறல் விழுந்த விளக்கு அங்கேயேதான் இருந்தது. குண்டூசி போட்டு வைத்திருந்தேன்.

"இன்னுமா இத வச்சிக்கிட்டு இருக்கீங்க? தூக்கிப் போடுங்க மேடம்."

"இருக்கட்டும்மா."

அவர் குண்டூசிகளை மேசையில் கொட்டிவிட்டு, விளக்கைத் திருப்பி, முந்தானையால் அடியில் இருந்த தூசியைத் துடைத்து, குண்டூசிகளைத் திரும்ப ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டு இருந்த இடத்திலேயே வைத்தார். "சொவுரு எழுப்பும்போது வந்து நில்லுங்க. நீங்க பாத்தாதான் எனக்குத் தூக்கம் வரும்" என்று சொல்லிவிட்டு, "போயிட்டு வரேங்க" என்று கிளம்பினார்.

ஓய்வு பெற்றபோது அலுவலகத்தில் சால்வை போர்த்தினார்கள். அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அந்த விளக்கு இருக்கிறது. நீங்கள் விழாமல் தடுத்த சுவர்களுக்கும், வராமல் போன சாவுகளுக்கும் யாரும் வந்து நன்றி சொல்ல மாட்டார்கள். சாகாதவர்களுக்குத் தாங்கள் பிழைத்தது தெரியாது. ஆனால் என்றைக்காவது ஒருவர் வந்து, உங்களால் உடைந்த ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார். மேசையில் அதற்குக் கொஞ்சம் இடம் ஒதுக்கி வையுங்கள்.